ஐம்பது மைல் கணக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் மலைச்சாலையில், கல்லாறைத் தாண்டி வளைவுகள் தொடங்கியபின் வண்டிகள் நின்று இளைப்பாறும் ஊர் பர்லியார். பாக்கும் ஜாதிக்காயும் கிராம்பும் மங்குஸ்தானும் விளையும் ஈரச் சரிவு அது. 1871-இல் அரசு எடுத்துக்கொண்ட பழப்பண்ணை இன்றும் அங்கே இருக்கிறது. இதே மலைச்சரிவில்தான் நீலகிரி மலை ரயிலும் பல்சக்கரத்தின் பிடியில் மெல்ல மெல்ல ஏறுகிறது. சாலை வழியாகப் போனாலும் ரயிலில் போனாலும், இந்த மலையை ஏறிய பெண்களுக்கு எல்லாக் காலத்திலும் ஒரே கவலைதான்: வழியில் எங்கே ஒதுங்குவது, கைக்குழந்தைக்கு எங்கே பால் கொடுப்பது, பிற ஆண்களின் பார்வை படாமல் பத்து நிமிடம் எங்கே உட்காருவது? இந்தக் கவலைக்கு இந்திய ரயில்வே சட்டம் 1890-இல் ஒரு பதில் சொன்னது. அந்தப் பதில் அன்றைய உலகில் முற்போக்கானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது பெண்ணின் தேவையை மைலில் அளந்தது. அந்த அளவுகோலால் நேர்ந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பெண்களுக்கான பெட்டியும் கழிப்பறையும் தங்கும் அறையும் மானம் காக்கும் ஏற்பாடாக மட்டுமே வழங்கப்பட்டன. உடலின் தேவை அவற்றுக்கு அடிப்படையாக வைக்கப்படவில்லை. அதனால்தான் அவை எளிதில் சுருங்கின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரயில் வருவதற்கு முந்தைய நிலையிலிருந்து தொடங்கலாம். போத்தனூரிலிருந்து பிரிந்த கிளைப்பாதை மேட்டுப்பாளையத்தை எட்டியது 1873-இல். அங்கிருந்து குன்னூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1899 ஜூன் 15-இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில், சென்னையிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்தவர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, குதிரை பூட்டிய டோங்காவிலோ மாட்டுவண்டியிலோ ஆள் தூக்கும் மஞ்சலிலோ மேலே போனார்கள். அடிவாரத்தில் காய்ச்சல் பயம் இருந்ததால் அங்கே இரவு தங்குவதை எல்லோரும் தவிர்த்தார்கள். பணமில்லாதவர்கள் நடந்தே ஏறினார்கள். காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மேஸ்திரிகளும் கங்காணிகளும் சமவெளியிலிருந்து அழைத்து வந்த குடும்பங்களில் பெண்கள் ஏராளம். அவர்களுக்கு வழியில் பர்லியார் போன்ற நிறுத்தங்களும், சாலையோரப் புதர்களும், விடியலுக்கு முந்தைய இருட்டும்தான் இருந்தன. துரைசானிகளுக்குப் பயணியர் பங்களாவில் தனி அறை இருந்தது. ஒரே சாலையில் போகும் இரு பெண்களில் ஒருத்தியின் தேவைக்குக் கட்டடம் எழும்பியது, மற்றவளின் தேவை யார் கணக்கிலும் வரவில்லை. பிற்பாடு ரயிலில் நடந்ததையும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

1890-ஆம் ஆண்டின் ஒன்பதாம் சட்டமான இந்திய ரயில்வே சட்டத்தின் 64-ஆம் பிரிவு இரண்டு கட்டளைகளைப் பிறப்பித்தது. 1891 ஜனவரி 1 முதல், பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு ரயிலிலும், அந்த ரயிலின் ஆகக் கீழான வகுப்பில், குறைந்தது ஓர் அறையைப் பெண்களுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும் என்பது முதல் கட்டளை. அந்த ரயில் ஐம்பது மைலுக்கு மேல் ஓடுவதாக இருந்தால், அப்படி ஒதுக்கிய அறைகளில் ஒன்றில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அதே சட்டம், பெண்களுக்கு ஒதுக்கிய பெட்டியிலோ அறையிலோ அத்துமீறி நுழையும் ஆணுக்கு அபராதமும் விதித்தது. முதல் வகுப்புக்கு இப்படிச் சட்டம் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அங்கே பயணம் செய்தவர்களின் வசதியைக் கம்பெனிகள் தாமாகவே கவனித்துக்கொண்டன. மூன்றாம் வகுப்பில் அப்படிக் கவனிக்க ஆளில்லை என்பதால்தான் சட்டம் தலையிட்டது. அந்தக் காலத்துக் கீழ்வகுப்பு வண்டிகளில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக உள்வழி கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் பக்கவாட்டில் கதவு இருக்கும், வண்டி நிலையத்தில் நின்றால்தான் இறங்கலாம். அப்படிப்பட்ட மரப்பெட்டியில், ஏழைப் பெண்ணுக்காக ஒரு சிறு தடுப்பும் தாழ்ப்பாளும் வேண்டும் என்று சட்டம் சொன்னது சாதாரண விஷயமல்ல.

ரயில் கழிப்பறை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வேறொரு வரலாறு. 1909-இல் வங்காளப் பயணி ஒகில் சந்திர சென், அகமத்பூர் நிலையத்தில் அவசரத்துக்கு இறங்கிப் போனபோது ரயில் கிளம்பிவிட்டது. ஓடி வந்து விழுந்து, நடைமேடையில் நின்ற ஆண்கள், பெண்கள் முன்னால் அவமானப்பட்டார். அதை விவரித்து சாகிப்கஞ்ச் கோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தின் வழியாகப் புகழ்பெற்ற அந்தக் கடிதத்தால்தான் இந்திய ரயில்களுக்குக் கழிப்பறையே வந்தது என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். ஒரு சாதாரணப் பயணியின் குரலுக்கு மதிப்புக் கொடுக்கிற கதை என்பதால் அதன் மீது நமக்கு ஈடுபாடு வருவது இயல்பு. ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே கீழ்வகுப்புப் பெண்களுக்கான கழிப்பறை சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. சென் கடிதம் எழுதிய காலத்தில் கீழ்வகுப்பு ஆண்களுக்கு இல்லாத உரிமை, ஏட்டளவிலேனும், அதே ரயிலில் பயணம் செய்த பெண்களுக்கு இருந்தது. கடிதத்தின் கதை பரவிய அளவுக்குச் சட்டத்தின் கதை பரவவில்லை. பெண்ணின் தேவை பொதுவரலாற்றிலிருந்து எவ்வளவு சுலபமாக நழுவிவிடுகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பெண்களுக்கு முதலில் கிடைத்தது ஏன்? 1860, 70-களில் வட இந்தியாவில் நடந்த விவாதத்தில் இதற்கான விடை இருக்கிறது. பர்தா வழக்கமுள்ள பெரிய குடும்பங்கள், தங்கள் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்களோடு ஒரே வண்டியில் உட்காரக்கூடாது என்று கருதின. திரை போட்ட செனானா வண்டிகள் வேண்டும் என்று கேட்டவர்களும், குடும்பத்து ஆணைவிட்டுப் பிரிந்து பெண் தனியே உட்காருவது அதைவிட மோசம் என்று மறுத்தவர்களும் ஆண்களே. அரசாங்கமும் கம்பெனிகளும் இதை மரியாதை சார்ந்த பிரச்சினையாகப் பார்த்தன. பெண்ணை ஆண்களின் கண்ணிலிருந்து மறைத்தால் பெரிய வீட்டாரும் ரயிலேறுவார்கள், வருமானமும் பெருகும் என்பது அவர்கள் கணக்கு. பெண்கள் அறையில் கழிப்பறை வேண்டும் என்ற விதியையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். தனியறையில் வருகிற பெண் நிலையத்தில் இறங்கி நடைமேடையைக் கடந்து போனால், அந்தத் தனிமைக்கே பொருள் இல்லாமல் போய்விடும். அவள் வெளியே தலைகாட்டத் தேவையில்லாதபடி உள்ளேயே ஏற்பாடு செய்யப்பட்டது. சிறுநீரை அடக்கினால் வலிக்கும், கர்ப்பிணிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும், மாதவிடாய் நாளில் தண்ணீரும் மறைவும் வேண்டும் என்ற எண்ணத்தில் இந்த விதி பிறந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் இந்தச் சட்டம் ஆணாதிக்கத்தின் பரிசுதானே, இதைக் கொண்டாடுவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் எந்த நோக்கத்தில் பிறந்தது என்பது ஒன்று, அது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு. 64-ஆம் பிரிவு குறிப்பிட்டது ஆகக் கீழான வகுப்பை. தமிழ்நாட்டில் அந்த வகுப்பில் ஏறியவர்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள் அல்லர். நாற்று நட்டவர்கள், சந்தைக்குக் கூடை சுமந்தவர்கள், பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போனவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள், கங்காணியின் பின்னால் மலைக்கு வந்தவர்கள். தெருவில் நடப்பதற்கு யாருடைய அனுமதியும் கேட்காத பெண்கள் இவர்கள். இவர்களுக்குத் திரை தேவைப்படவில்லை. காலை நீட்டிப் படுக்க இடமும், குழந்தைக்குப் பால் கொடுக்கும் நிம்மதியும், மேலே கை படாத பயணமும் தேவைப்பட்டன. மானத்துக்காகக் கொடுத்த அறையை அவர்கள் உடலுக்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு வசதியைக் கொடுத்தவரின் எண்ணம் எதுவானாலும், அதைப் பயன்படுத்தியவர்களின் அனுபவம் அதற்கு வேறு பொருளைக் கொடுத்துவிடும். ஆகவே தோற்றத்தைக் காட்டி அந்த உரிமையையே தள்ளிவிடுவது சரியாகாது. அதன் அடிப்படையை மாற்றி எழுதுவதே சரி.

இப்போது ஐம்பது மைல் என்ற அளவுக்கு வருவோம். சமவெளியில் மணிக்கு இருபது மைல் ஓடும் வண்டி ஐம்பது மைலை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடும். அதற்கு மேல் ஒரு பெண்ணைக் கழிப்பறை இல்லாமல் உட்கார வைக்கக்கூடாது என்பதுதான் அந்த எண்ணுக்குள் இருக்கும் நியாயம். ஆனால் நியாயத்தை நேரத்தில் எழுதாமல் தூரத்தில் எழுதிவிட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறத்தாழ 27 கிலோமீட்டர், அதாவது பதினேழு மைல். 1908-இல் பாதை உதகை வரை நீண்டபோது மொத்தம் 46 கிலோமீட்டர், ஏறத்தாழ இருபத்தெட்டரை மைல் ஆயிற்று. பன்னிரண்டடி போனால் ஓரடி ஏறும் செங்குத்தில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்வரிசையைப் பற்றிக்கொண்டு, நடக்கிற வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் வண்டி ஏறுகிறது. 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். இன்றும் உதகைக்கு ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. சமவெளியில் இரண்டரை மணி நேரத்துக்கே கழிப்பறை வேண்டும் என்று சொன்ன சட்டம், மலையில் அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எதையும் கட்டாயமாக்கவில்லை. பெண்களுக்குத் தனி அறை என்ற முதல் கட்டளை இந்த ரயிலுக்கும் பொருந்தியது, கழிப்பறை என்ற இரண்டாவது கட்டளை சட்டத்தின் எழுத்துப்படி பர்லியார்ச் சரிவை எட்டவில்லை.

மலை ரயில்தான் வழியெல்லாம் நிற்கிறதே, அப்போது இறங்கிப் போகலாமே என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான், ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீடு போன்ற இடங்களில் வண்டி நிற்கிறது. ஆனால் எதற்காக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கத்தான் அந்த நிறுத்தங்கள் திட்டமிடப்பட்டன. எத்தனை மைலுக்கு எவ்வளவு தண்ணீர் தீரும், எந்த ஓடையிலிருந்து எந்தத் தொட்டிக்குக் குழாய் இழுக்கலாம் என்பதெல்லாம் கணக்கிட்டுச் செய்யப்பட்டன. பொறியியலின் அருமையான சாதனை அது. பயணிகளின் உடல் அந்தக் கணக்கில் இரண்டாம் பட்சமாகவே வந்தது. எஞ்சின் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை கிடைக்கும் சில நிமிடங்களில், பெட்டிகளில் இருக்கும் அத்தனை பெண்களும் இறங்கி, இருக்கும் ஓரிரு கழிப்பறைகளுக்கு வரிசையில் நின்று, குழந்தையையும் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆண்கள் நிறுத்தத்தில் காலாற நடந்து, தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். அதே நேரத்தைப் பெண்கள் வரிசையில் கழிக்கிறார்கள். இதைத் தவிர்க்க அவர்கள் கைக்கொள்ளும் வழி ஒன்றுதான்: முந்தைய நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது. தாகத்தை விலையாகக் கொடுத்துக் கிடைக்கும் சமாளிப்பை வசதி என்று சொல்லக்கூடாது.

ரயில் பயணத்தில் பெண்களுக்கான ஓய்விடம் என்பது பெட்டியோடு முடிவதில்லை. சந்திப்பு நிலையங்களில் இருந்த பெண்கள் தங்கும் அறை அதன் மறுபாதி. அதன் அமைப்பை எல்லோரும் அறிவார்கள்: நீண்ட கைகளோடு சாய்வு நாற்காலிகள், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, உள்ளே குளியலறை, வாசலில் பயணச்சீட்டைப் பார்த்து நோட்டில் எண்ணை எழுதிக்கொள்ளும் ஆயா. அந்த நோட்டுதான் அறையின் எல்லை. மேல்வகுப்புச் சீட்டு வைத்திருந்தவள் உள்ளே போய் முகம் கழுவி உடை மாற்றினாள். மூன்றாம் வகுப்புச் சீட்டு வைத்திருந்தவள் பொதுக்கூடத்துத் தரையில் மூட்டைமேல் தலைவைத்துக் கிடந்தாள். ரயிலுக்குள் ஆகக் கீழான வகுப்புப் பெண்ணை நினைவில் வைத்த சட்டம், அவள் வண்டிக்காகக் காத்திருந்த பல மணி நேரத்தை அதே அளவு கவனத்தோடு பார்க்கவில்லை. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தலைமன்னாரிலிருந்து கப்பல், மண்டபம் முகாம், அங்கிருந்து ரயில், பிறகு மலை. 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், பின்னாளில் டான்டீ என்று அறியப்பட்ட நிறுவனத்தில், வேலை பெற்று நீலகிரிக்கு வந்த பெண்களுக்குப் பயணம் ஒரு நாளில் முடிந்துவிடவில்லை. மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் வந்த அவர்களுக்குத்தான் ஓய்வறை மிக அவசரமாகத் தேவைப்பட்டது.

இந்தப் பாகுபாடு நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் புல்மேன் கம்பெனியின் படுக்கை வண்டிகளில் ஒரு முனையில் பெண்களுக்கு உடைமாற்றும் அறையும் கழுவுமிடமும், மறுமுனையில் ஆண்களுக்குப் புகைபிடிக்கும் அறையோடு சேர்ந்த கழுவுமிடமும் இருந்தன. இரவுப் பயணத்துக்குப் பின் காலையில் தலைசீவித் துணி மாற்ற ஓரிடம் தேவை என்பதை அந்த நாட்டு ரயில்கள் ஏற்றுக்கொண்டிருந்தன. பின்னாளில் ஆம்ட்ராக் என்ற அந்நாட்டு ரயில் நிறுவனத்தின் இரண்டடுக்குப் பெட்டிகள் சிலவற்றிலும் கீழ்த்தளத்தில் பெண்களுக்கென்று தனி அறை தொடர்ந்தது. ஆனால் அதே நாட்டில் 1880-களின் தொடக்கத்தில், ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பின ஆசிரியை சீட்டு வாங்கிப் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தபோது, அவரை இழுத்து வெளியேற்றினார்கள். வழக்குப் போட்டார், கீழ்நீதிமன்றத்தில் வென்றார், 1887-இல் டென்னசி மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. பெண்மையின் மரியாதையைக் காக்கவே அந்தப் பெட்டி என்றால், யாருடைய பெண்மை என்ற கேள்வி உடனே எழுகிறது. அங்கே நிறம் விடை சொன்னது, இங்கே சீட்டின் வகுப்பு விடை சொன்னது. உடலின் தேவையை அடிப்படையாக வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. களைப்புக்கும் தாகத்துக்கும் எல்லா உடலும் ஒன்றுதான்.

சட்டத்தில் எழுதியது நடைமுறையில் எந்த நிலையில் இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. 1917-இல் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். வழியெல்லாம் பெட்டி பெருக்கப்படவில்லை, கழிப்பறை சுத்தம் செய்யப்படவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை என்று எழுதினார். கழிப்பறை இருப்பதும் அது பயன்படும் நிலையில் இருப்பதும் வேறு வேறு என்பதை அந்தப் பதிவு காட்டுகிறது. விடுதலைக்குப் பின் கீழ்வகுப்புப் பெட்டிகளிலும் கழிப்பறை இயல்பான ஒன்றானது. 1974-இல் மூன்றாம் வகுப்பு ஒழிந்தது. கடைசியில் 1989-ஆம் ஆண்டின் புதிய ரயில்வே சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் 58-ஆம் பிரிவில் பெண்களுக்கு ஓர் அறை, அல்லது நிர்வாகம் தகுமென்று நினைக்கும் எண்ணிக்கையில் படுக்கைகள் அல்லது இருக்கைகள் ஒதுக்கினால் போதும். ஆகக் கீழான வகுப்பு என்ற சொற்களும் இல்லை, ஐம்பது மைல் கழிப்பறையும் இல்லை. நீண்டதூர ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென ஆறு படுக்கைகள் என்ற ஒதுக்கீடு இந்த மாற்றத்தின் முகம். சுவரும் கதவும் கொண்ட ஓர் அறை, முன்பதிவுப் பட்டியலில் ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது. மானம் என்ற காரணம் வலுவிழந்தபோது, அதன்மேல் நின்ற உரிமையும் கூடவே சரிந்தது. வேறு காரணத்தை யாரும் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை.

எல்லாப் பெட்டியிலும் நான்கு கழிப்பறைகள் இருக்கும்போது பெண்களுக்குத் தனியாக எதற்கு என்பது இன்று அடிக்கடி கேட்கும் மறுப்பு. எண்ணிக்கை சமமாக இருந்தால் பயனும் சமமாக இருக்கும் என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. ஓடுகிற ரயிலின் கழிப்பறைக்குள் ஒரு பெண் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று நெருங்கிப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்றால் ஒரு கையால் கதவைப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் மட்டும் தண்ணீர் வரும் குழாய்க்கு இன்னொரு கை வேண்டும். சங்கிலியில் கட்டிய குவளை எட்டும் தூரம் குறைவு. புடவையையோ சுடிதாரையோ நனையாமல் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? கைப்பையை மாட்ட ஆணி இல்லை, தரையில் வைக்க முடியாது. மாற்றிய அணையாடையைப் போட மூடியுள்ள தொட்டி இல்லாத பெட்டிகள் உண்டு. இடுப்பில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். வண்டி ஆடாமல் நிற்கும் நிலையத்தில் பயன்படுத்தக்கூடாது என்று பழைய பெட்டிகளில் எழுதியே வைத்திருந்தார்கள். கழிவைத் தண்டவாளத்தில் விடாத பயோ டாய்லெட் வந்தபின் அந்தத் தடைக்குக் காரணம் குறைந்தது, அது நல்ல முன்னேற்றம். ஆனால் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறை வாசலிலேயே ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, இரவில் அவர்களைத் தாண்டிப் போக ஒரு பெண் தயங்குவாள். அந்தத் தயக்கத்துக்குத் தீர்வு கழிப்பறையின் எண்ணிக்கையில் இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தனிப்பெட்டி பெண்ணைப் பாதுகாப்பதில்லை, தனிமைப்படுத்தி ஆபத்தில் தள்ளுகிறது என்கிறார்கள். 2011 பிப்ரவரியில் கேரளத்தில், ஆள் குறைந்த பெண்கள் பெட்டியில் வந்த இளம்பெண் தாக்கப்பட்டு உயிரிழந்தார். 2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறிய ஒருவன், கர்ப்பிணி ஒருவரை வெளியே தள்ளினான். இந்தச் சம்பவங்களை லேசாகக் கடந்துபோக யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இவற்றிலிருந்து என்ன கற்பது என்பதுதான் கேள்வி. பல ரயில்களில் பெண்கள் பெட்டி வண்டியின் வாலில், சரக்கு அறையும் கார்டின் அறையும் சேர்ந்த பெட்டியின் ஒரு துண்டாக இருக்கிறது. கார்டு பக்கத்தில் இருப்பது நல்லதே. ஆனால் நடைமேடையின் கூரையும் விளக்கும் முடிந்த இடத்தில் அந்தப் பெட்டி நிற்கிறது. பெண்கள் தங்கும் அறையோ நிலையத்தின் நடுவில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு அந்த இருட்டில் அவ்வளவு தூரம் நடந்துபோய் ஏற வேண்டும். தனியறை என்ற எண்ணத்தில் குற்றமில்லை, அதை வைத்த இடத்திலும் காவலின் குறைவிலும்தான் குற்றம் இருக்கிறது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள நடுப்பகுதிக்கு அதைக் கொண்டுவந்து, உள்ளிருந்து கார்டோடு பேசும் வசதியும் காவலும் சேர்த்துவிட்டால், இந்த மறுப்பின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

சமத்துவம் பேசுகிறவர்களிடமிருந்தும் ஒரு மறுப்பு வருகிறது. ஆணும் பெண்ணும் ஒன்றாகப் பயணம் செய்து பழகுவதே வளர்ந்த சமூகத்துக்கு அழகு, தனியறை கேட்பது பழைய திரையை மீண்டும் தொங்கவிடுவது என்கிறார்கள். இந்த வாதத்தின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றை மறக்கக்கூடாது. திரை என்பது பெண் வெளியே போகாதபடி தடுப்பது. ஓய்வறை அவள் வெகுதூரம் போகும்படி உதவுவது. பெண்கள் அறை இருந்தாலும் பொதுப்பெட்டியில் உட்காரும் உரிமை அவளுக்கு முழுமையாக உண்டு. எங்கே உட்காருவது என்று அவளே முடிவுசெய்வதில்தான் சமத்துவம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தபோது, அதை யாரும் பர்தா என்று சொல்லவில்லை. ஒரு தாயின் உடலுக்கும் குழந்தையின் பசிக்கும் பொது இடத்தில் மரியாதையான இடம் வேண்டும் என்ற எளிய நியாயம் எல்லோருக்கும் புரிந்தது. அதே நியாயம் இரவெல்லாம் ஓடும் ரயிலுக்குள் மட்டும் பொருந்தாமல் போக எந்தக் காரணமும் இல்லை.

இனி மலை ரயிலின் தனிச்சிக்கல். 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பாதை அது. அதன் பெட்டிகளில் சுவர் இடித்துத் தொட்டி பொருத்துவது மரபைக் கெடுக்கும், செங்குத்தில் ஏறும் வண்டிக்கு எடையும் கூடும் என்று சொல்லலாம். இதை நான் ஏற்கிறேன். ஆனால் பெட்டிக்குள் முடியாதது நிறுத்தத்தில் முடியும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில், பழையவர்கள் புளூ மவுண்டன் என்று சொல்லும் அந்த இரவு ரயிலில் வரும் பெண், விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் மலை வண்டியில் ஏறுகிறாள். அந்த ஒரு மணி நேரத்தில் குளிக்கவும் உடை மாற்றவும் போதுமான அறைகள் வேண்டும். சீட்டின் வகுப்பு பாராமல் அவை திறந்திருக்க வேண்டும். வழியில் வண்டி நிற்கும் இடங்களில், ஏறியிருக்கும் பெண்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற கழிப்பறைகளும், கடைசிப் பெண் திரும்பி ஏறும் வரை காத்திருக்கும் நேரமும் வேண்டும். சாலை வழியாக ஏறுகிறவர்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். மரபு என்பது மரப்பலகையையும் பித்தளைக் குமிழையும் மட்டும் குறிப்பதல்ல. ஏழைப் பயணிக்கு 1890-இல் கொடுத்த வாக்கும் இந்த ரயில்களின் மரபில் அடங்கும்.

ஆகவே செய்ய வேண்டிய திருத்தம் எது என்பது தெளிவு. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை அளவாக வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் எந்தப் பயணத்திலும், வண்டிக்குள்ளோ வழியில் உறுதியான நிறுத்தத்திலோ, பெண்களுக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் ஆணியும் மூடிய தொட்டியும் உள்ள கழிப்பறை இருக்க வேண்டும் என்று விதி சொல்ல வேண்டும். இரவு முழுதும் ஓடும் ரயிலில் அதோடு உட்கார்ந்து பால் கொடுக்கவும், வலியில் சற்றுச் சாயவும் ஒரு சிறு அறை வேண்டும். அதற்கு எட்டுப் படுக்கைகளின் இடம் போனால் போகட்டும், அந்த இழப்பை நாடு தாங்கும். முக்கியமாக, இவற்றை நிர்வாகம் தகுமென்று நினைத்தால் செய்யலாம் என்று விட்டுவிடாமல், ஆகக் கீழான வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பழைய வாசகத்தோடு சட்டத்தில் எழுத வேண்டும். எழுதியது நடக்கிறதா என்று மக்கள் சோதிக்கவும் வழி வேண்டும். ரயில் எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அச்சிடும் அதே கால அட்டவணையில், எங்கே எத்தனை நிமிடம் பெண்கள் இறங்கலாம், அங்கே என்ன வசதி இருக்கிறது என்பதையும் அச்சிட வேண்டும். அச்சில் வந்த வாக்கைத்தான் ஒரு பயணி விரல்வைத்துக் காட்டிக் கேட்க முடியும்.